தோட்டத் தலைவர் மாகாண சபைக்குப் போகும் பாதை

வாசகர் கேள்வி, 19 ஓகஸ்ட் 2023

இலங்கையின் மலையகத்தில் தொழிற்சங்கத்தில் இருந்து மாகாண சபைக்குப் போனவர்களில் ஒருவராவது, போன பிறகு தொழிலாளிக்குப் பயன்பட்டிருக்கிறாரா? என் அப்பா வேலை செய்த காலம் முழுவதும் சந்தா கட்டினார். எங்கள் தோட்டத்தின் சங்கத் தலைவர் சபை உறுப்பினரானபோது பட்டாசு கொளுத்தினோம். நாட்சம்பளத்தில் ஒரு ரூபாவைக்கூட அவரால் கூட்ட முடியவில்லை. சங்கம் என்பது அரசியலுக்கு ஏறும் ஏணி, ஏறியவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதட்டும்.

20 ஓகஸ்ட் 2023

மறுக்கிறேன், ஆனால் முழுவதையும் அல்ல. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்த மாகாண சபைக்கும் எப்போதும் இருந்ததில்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும் கொழும்பில் இருக்கும் தொழில் அமைச்சின் கீழ் வருபவை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், ஒன்பதாவது அட்டவணையின் மூலம் மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்த விடயங்களில் சம்பளம் இல்லை. பாடசாலை, வைத்தியசாலை, மாகாண வீதி, கூட்டுறவு, உள்ளூராட்சி மேற்பார்வை போன்றவைதான் இருந்தன. ஆகவே உங்கள் தலைவர் சபையில் எவ்வளவு உரத்துப் பேசியிருந்தாலும் சம்பளம் கூடியிருக்காது.

இந்த உண்மையைத் தேர்தல் மேடையில் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உள்ள குறை. சம்பளத்தைப் பற்றிப் பேசியே வாக்குக் கேட்டார்கள். தொழிலாளியும் சம்பளத்துக்காகவே வாக்களித்தார். பின்னர் வந்த ஏமாற்றத்தின் விதை அங்கேதான் விழுந்தது.

21 ஓகஸ்ட் 2023

நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக வேலை செய்தவன் நான். சங்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை, இங்கே சொல்லும் விடயங்கள் எல்லாச் சங்கங்களுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். தோட்டத் தலைவர்கள் வாய்மொழியாகச் சொல்வதைக் கடிதமாக எழுதுவது, ஊழியர் சேமலாப நிதிப் படிவம் நிரப்புவது, தொழில் திணைக்களத்தில் விசாரணைக்குத் திகதி வந்தால் அறிவிப்பது ஆகியவையே என் வேலை. தலைவர்கள் உருவாவதை அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மேல்கணக்கு என்ற தோட்டப் பிரிவின் சங்கத் தலைவர். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று கிலோவைக் கழிப்பார்கள் அல்லவா, அந்தக் கழிவு அவருடைய தோட்டத்தில் அளவு மீறிப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் முறையிட்டார்கள். வழக்கமாக ஒரு தலைவர் செய்வது, துரையின், அதாவது தோட்ட முகாமையாளரின், ஆபீசுக்கு முன்னால் ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் நிற்பது. இவர் ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய் நின்றார். ஒவ்வொரு நிறுவையிலும் தராசு காட்டிய எடை, பதிவில் ஏறிய எடை, ஆளின் பேர் இலக்கம் என்று மூன்று வரிசையாக எழுதினார். பென்சிலால், கோணல்மாணலான எழுத்தில். மழை நாளையும் வெயில் நாளையும் தனித்தனியாகக் குறித்திருந்தார், ஏனென்றால் தண்ணீருக்கு என்று கழிப்பது வெயில் நாளிலும் அதே அளவில் கழிந்துகொண்டிருந்தது. அந்தக் கொப்பியைக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதைக் கடிதமா எழுதுங்க ஐயா" என்றார். கடிதத்தைவிடக் கொப்பிதான் பேசும் என்று எனக்குத் தோன்றியது. துரையோடு நடந்த பேச்சுவார்த்தையில் அதை அப்படியே விரித்து வைத்தோம். கழிவு குறைந்தது.

இப்படிப்பட்டவர்தான் பின்னர் மாகாண சபைக்குப் போனார். ஏணி ஏறியவர் என்று அவரைச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

23 ஓகஸ்ட் 2023

"அவர் நல்லவர் என்றால் தோட்டத்திலேயே இருந்திருக்கலாமே, ஏன் அரசியல்?" என்று ஒரு தம்பி கேட்கிறார். இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, மலையகத்தில் சங்கமும் அரசியலும் ஏன் பிரியவே இல்லை என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

கோ. நடேசய்யரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் இருந்து வந்த பத்திரிகையாளர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில் புடைவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய் லயங்களின், அதாவது தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளின், நிலையைப் பார்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. 1925இல் பிரித்தானியர் காலத்துச் சட்டமன்றமான சட்டநிரூபண சபைக்குப் போனார். 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். 1936இல் ஹற்றன் தொகுதியில் இருந்து, அதன் இடத்தில் வந்த அரசாங்க சபைக்குத் தெரிவாகி 1947 வரை அங்கே இருந்தார். வரிசையைக் கவனியுங்கள்: சபைக்குப் போன பிறகுதான் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடியே ஆட்களைச் சேர்த்தார். சங்கம் முதலில், அரசியல் பிறகு என்ற ஏணிக் கணக்கு நம் முதல் தலைவருக்கே பொருந்தவில்லை.

அடுத்து 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது, அதன் தொழிற்சங்கமே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசாக (இ.தொ.கா.) வளர்ந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். சம்பள உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட போராட்டம் அது. 1947 பொதுத்தேர்தலில் இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது, சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் இருந்து பாராளுமன்றம் போனார். மறு வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வாக்கு இல்லாத, நாடு இல்லாத ஒரு மனிதருக்கு எந்த அரசியல்வாதியும் தேவைப்பட மாட்டார், எந்த அரசியல்வாதிக்கும் அவர் தேவைப்பட மாட்டார். அப்படி இருந்த இலட்சக்கணக்கானவர்களுக்கு அரசாங்கத்தோடு பேச எஞ்சியிருந்த ஒரே வாசல் சங்கம். பிறப்புச் சான்றிதழ் எடுக்கவும், பிரஜாவுரிமை விண்ணப்பம் நிரப்பவும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்கா இங்கேயா என்று முடிவெடுக்கவும் சங்கக் காரியாலயத்துக்குத்தான் போனார்கள். கட்சியின் வேலை, கிராம சேவகரின் வேலை, சட்டத்தரணியின் வேலை எல்லாவற்றையும் சங்கமே பார்த்தது. அப்படி வளர்ந்த ஓர் அமைப்பைப் பார்த்து, "நீ சம்பளத்தை மட்டும் பார், அரசியலைத் தொடாதே" என்று இப்போது சொல்வது வரலாறு தெரியாத பேச்சு.

1977இல் தொண்டமான், மூவரைத் தெரிவு செய்யும் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக மீண்டும் தெரிவானார். மறு வருடம் அமைச்சரானார். 1988இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. மாகாண சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்ததும் அதே 1988தான். பெருந்தொகையானவர்களின் கையில் வாக்குச் சீட்டு வந்த நேரத்தில், பாராளுமன்றத்துக்குக் கீழே ஒரு புதுப் படியும் முளைத்தது. அதில் ஏறக்கூடிய நிலையில் மலையகத்தில் யார் இருந்தார்கள்? சட்டத்தரணிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஆசிரியர்களும் அதிகம் இல்லை. ஆட்களைத் திரட்டவும் பேசவும் பழகியிருந்தவர்கள் சங்கக்காரர்கள் மட்டுமே.

24 ஓகஸ்ட் 2023

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சங்கக்காரர்கள் என்று நான் எழுதியது ஆண்களை மட்டுமே குறிக்கிறது என்று ஓர் அக்கா சுட்டிக்காட்டுகிறார். சரிதான். மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், சந்தாவில் பெரும்பங்கும் அவர்களுடையது. ஆனால் தோட்டக் கமிட்டியில் பெண்ணுக்கென்று இருந்தது மாதர் சங்கத் தலைவி என்ற ஓர் இடம் மட்டுமே, பேச்சுவார்த்தை மேசையில் அவருக்குக் கதிரை இருந்ததை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் வேட்பாளர்களில் பெண்களுக்கு 30 வீதத்தைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை ஒரு தேர்தலும் நடக்கவில்லை. ஆகவே தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தப் படி தாளில் மட்டும் இருக்கிறது.

27 ஓகஸ்ட் 2023

"உறுப்பினரானதும் சங்கப் பதவியை விட்டிருக்க வேண்டும்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை, காரணம் விருப்பு வாக்கு.

இதுவரை மாகாண சபைத் தேர்தல்கள் நடந்த விகிதாசார முறையில் கட்சி ஒரு மாவட்டத்துக்கு ஒரு பட்டியலைக் கொடுக்கும். தெரிவு செய்ய வேண்டிய உறுப்பினர் தொகையைவிட மூன்று பேர் அதிகமாக அந்தப் பட்டியலில் இருப்பார்கள். வாக்காளர் முதலில் கட்சிக்கும், பிறகு பட்டியலில் உள்ள மூவருக்கு வரை விருப்பு வாக்குப் போடலாம். கட்சிக்குக் கிடைக்கும் ஆசனங்கள் விருப்பு வாக்கு அதிகம் பெற்றவர்களுக்குப் போகும். அதாவது உங்களுடைய உண்மையான போட்டியாளர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், உங்கள் பட்டியலிலேயே இருக்கும் சக தொழிற்சங்கக்காரர்.

தேசியக் கட்சியொன்றின் பட்டியலில் சங்கத்துக்கு இரண்டோ மூன்றோ இடம் கிடைத்தால், யாரை நிறுத்துவது என்று தலைமைக் காரியாலயம் பார்ப்பது, எந்த மாவட்டத் தலைவரின் கையில் எத்தனை தோட்டங்கள், அந்தத் தோட்டங்களில் எத்தனை சந்தா என்பதைத்தான். சந்தாப் பட்டியல்தான் விருப்பு வாக்குக் கணக்கு. எங்கள் காரியாலயத்தில் தேர்தல் காலத்தில் சந்தாப் பேரேட்டை எடுத்துத் தோட்டவாரியாகக் கூட்டித் தரும்படி என்னிடம் கேட்பார்கள். நான் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தேர்தலில் மீண்டும் வெல்ல வேண்டுமென்றால் அந்தப் பேரேடு கைவிட்டுப் போகக் கூடாது. சங்கப் பதவியை விட்டவர் அடுத்த பட்டியலில் இருக்க மாட்டார், அவருடைய இடத்தைப் பிடித்த புதுத் தலைவர்தான் இருப்பார்.

ஆகவே இரண்டு பதவியையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதை ஆசை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. தேர்தல் முறை அதை வற்புறுத்தியது. அதற்காக அதைச் சரி என்று சொல்லவும் நான் வரவில்லை. அதனால் என்ன கெட்டது என்பதை என் கண்ணால் கண்டேன், அதைப் பிறகு எழுதுகிறேன்.

2 செப்டெம்பர் 2023

முதலில் நன்மையை எழுதிவிடுகிறேன், கேள்வி கேட்டவர் "ஒருவராவது" என்று கேட்டிருக்கிறார்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னர், தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை 13ஆவது திருத்தத்தோடு மாகாண நிருவாகத்துக்குள் வந்தன. அதாவது ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குக் கட்டடம் வருமா, ஆசிரியர் வருவாரா என்பதில் மாகாண சபை உறுப்பினர் ஒருவரால் நேரடியாகத் தலையிட முடியும். மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென்று தனியாக ஓர் அமைச்சுப் பொறுப்பு உருவானதும், அதைச் சங்கப் பின்னணி உள்ளவர்கள் வகித்ததும் சிறிய விடயம் அல்ல. முதலமைச்சரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே இருக்கக்கூடிய அமைச்சர் வாரியத்தில் ஒரு கதிரை அது.

மேலே சொன்ன கொப்பித் தலைவர் உறுப்பினரான பிறகு முதலில் முட்டிக்கொண்டது மொழியோடு. சுற்றறிக்கை, மதிப்பீடு, கூட்ட அறிக்கை எல்லாம் சிங்களத்தில் வந்தன. அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. மற்ற உறுப்பினர்கள் சிலர் இந்த நிலையில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். இவர் தமிழ்ப் பிரதி வரும்வரை கையெழுத்துப் போட மறுத்தார். அதிகாரிகள் சலித்துக்கொண்டார்கள், கூட்டம் தாமதமானது, ஆனாலும் பிரதி வந்தது. பிறகு மதிப்பீட்டு அறிக்கையை எங்கள் காரியாலயத்துக்கே எடுத்துக்கொண்டு வந்து, சீமெந்து எத்தனை, கல் எத்தனை என்று என்னை வாசிக்கச் சொல்லி, அதே மாதிரியான ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போய் எண்ணிப் பார்த்தார். அந்தப் பாடசாலைக்கு இரண்டு மாடிக் கட்டடம் எழும்பியது. அங்கே படித்த பிள்ளைகள் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறார்கள். மடுவத்தில் கற்ற வேலையைத்தான் சபையிலும் செய்தார் என்பது என் கணிப்பு. வேறொரு தொழிலில் இருந்து வந்தவருக்கு அந்தப் பிடிவாதம் வந்திருக்காது.

3 செப்டெம்பர் 2023

வீதியைப் பற்றிக் கேட்டவருக்கு: மாகாண வீதி தோட்டத்தின் கேற்றோடு நின்றுவிடுவதற்குக் காரணம் உறுப்பினரின் சோம்பல் அல்ல. உள்ளே இருப்பது கம்பனியின் பொறுப்பில் உள்ள நிலம். 1992இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளுக்குப் போன பிறகு, லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்துவது யாருடைய கடமை என்பது நிரந்தர வழக்காகிவிட்டது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பிரதேச சபை, அதே மக்களின் வாசலில் ஒரு மின்குமிழ் போடவும் தயங்கிய நிலை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. உள்ளூராட்சியை மேற்பார்வை செய்யும் மாகாண சபையில் நம்மவர்கள் முப்பது வருடம் இருந்தும் இதை மாற்றப் பாராளுமன்றம்தான் தேவைப்பட்டது. இந்த ஓர் இடத்தில் கேள்வி கேட்டவரின் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. இன்னும் முன்னதாகவே, இன்னும் உரத்துக் கேட்டிருக்க வேண்டும்.

10 செப்டெம்பர் 2023

இப்போது கெட்டதை எழுதுகிறேன்.

அவர் சபைக்குப் போன பிறகும் மேல்கணக்குத் தலைவராகவே இருந்தார். கமிட்டித் தெரிவு நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கண்டியில் கூட்டம் என்றால் அன்று தோட்டத்தில் யாரோ ஒருவருக்கு வேலை நிறுத்தப்பட்டிருக்கும். ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பிரச்சினை வெடிப்பது காலை ஆறரை மணிக்கு. அந்த நேரத்தில் அங்கே நிற்கக்கூடிய ஒரு மனிதர்தான் தலைவர். தொலைபேசியில் துரையைப் பிடித்துப் பேசலாம், சபை உறுப்பினர் என்றால் துரையும் மரியாதையாகவே பேசுவார். ஆனால் அந்த மரியாதையே ஒரு பொறியாக மாறியதைக் கவனித்தேன். முன்பு கொப்பியைக் காட்டி வாதாடியவர், பிறகு "துரையிட்டச் சொல்லியிருக்கிறேன், பார்த்துக்குவாரு" என்று சொல்லத் தொடங்கினார். தோட்டத்தின் வண்டி அவரைக் கூட்டிப்போக வந்தது. பாடசாலைக் கட்டடத்துக்குக் காணி விட்டுக்கொடுத்ததும் அதே நிருவாகம். காணி வாங்கிய கையால் அடுத்த நாள் அவர்களுக்கு எதிராக வேலைநிறுத்த அறிவித்தலில் கையெழுத்துப் போடுவது எந்த மனிதருக்கும் கடினம்.

கொழுந்துக் கழிவு பழையபடி ஏறியது. பெண்கள் காரியாலயத்துக்கு வந்து என்னிடம் சொன்னார்கள். அவரிடம் சொன்னேன், வருத்தப்பட்டார், வருவதாகச் சொன்னார். சபை அமர்வு, திறப்பு விழா, மரணவீடு என்று நாட்கள் போயின. இலக்கு எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. அரைப்பேர் என்றால் என்ன என்று தோட்டத்துக்கு வெளியே உள்ள வாசகருக்கு: நாள் முழுவதும் மலையில் நின்றும் கணக்கில் அரை நாள் சம்பளம்தான் எழுதப்படும்.

இவ்வளவுக்கும் அவர் கெட்டுப்போகவில்லை. பணம் சேர்க்கவில்லை, கடைசிவரை லயத்துக் காம்பராவை ஒட்டிக் கட்டிய வீட்டில்தான் இருந்தார். ஒரே மனிதர் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பது மட்டுமே நடந்தது. இதை யோசிக்கும்போது 27ஆம் திகதி எழுதியதற்குத் திரும்பிப் போகிறேன். விருப்பு வாக்கு அவரைப் பதவியை விடாதபடி கட்டிவைத்தது உண்மை. ஆனால் தலைவர் பதவியை வைத்துக்கொண்டே அன்றாட வேலைக்கு ஒரு செயலாளரை வளர்த்திருக்க முடியும். அந்தக் கொப்பியில் எழுதுவது எப்படி என்று ஒரு கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குக் காட்டிக் கொடுத்திருக்க முடியும். நடவடிக்கை எடுத்திருக்க வேண்டிய சங்கத் தலைமையும் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் தோட்டத்தில் வளரும் இன்னொருவர் அடுத்த தேர்தலில் பட்டியலில் இடம் கேட்பார்.

11 செப்டெம்பர் 2023

மேலே எழுதியதற்குப் பதிலாக, "அப்படியென்றால் எல்லாம் தொண்டமான் குடும்பத் தலைமையின் தவறு" என்று ஒருவர் முடித்துவிட்டார். அவ்வளவு எளிதாக முடிக்க நான் விரும்பவில்லை. வி. கே. வெள்ளையன் இ.தொ.கா.வில் இருந்து பிரிந்து 1965இல் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். பெ. சந்திரசேகரன் 1989இல் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார். இருவருமே மேலிருந்து கட்டுப்படுத்தும் தலைமைக்கு எதிராகக் கிளம்பியவர்கள். புதிய அமைப்புகள் வந்தன, புதியவர்கள் மாகாண சபைக்கும் போனார்கள். தொழிலாளர் தேசிய சங்கத்தின் பழனி திகாம்பரம் 2009இல் மத்திய மாகாண சபைக்குத் தெரிவாகி மறு வருடமே பாராளுமன்றம் போனார். மாகாண சபை உண்மையாகவே ஒரு படியாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனால் தோட்டத்துக்குள் அடுத்த ஆளை வளர்க்கும் பழக்கம் எந்தச் சங்கத்திலும் வேரூன்றவில்லை. பெயர்ப்பலகை மாறியும் பழக்கம் மாறவில்லை என்றால் காரணம் ஒரு குடும்பத்தைவிட ஆழமானது. சந்தாவும் வாக்கும் ஒரே பேரேட்டில் இருந்தவரை, கேள்வி கேட்கும் உறுப்பினரைவிட எண்ணிக்கையில் நிற்கும் உறுப்பினரே சங்கங்களுக்கு வசதியாக இருந்தார்.

30 செப்டெம்பர் 2023

சில நாட்களாக எழுத முடியவில்லை. இதற்கிடையில் "இப்போது சபையே இல்லையே, ஏன் இந்தப் பழங்கதை?" என்ற கேள்வி வந்திருக்கிறது.

சபை இல்லாததால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. சப்ரகமுவவில் கடைசித் தேர்தல் 2012 செப்டெம்பரில், மத்திய மாகாணத்தில் 2013 செப்டெம்பரில், ஊவாவில் 2014 செப்டெம்பரில் நடந்தது. தோட்டத் தமிழர் கணிசமாக வாழும் இந்த மூன்று மாகாணங்களிலும் பதவிக்காலம் முடிந்து ஆளுநர்களே நிருவாகம் நடத்துகிறார்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது, பழைய முறையும் இல்லை புதிய முறையும் இல்லை என்று ஆகிவிட்டது. 2023 மார்ச் மாதத்தோடு உள்ளூராட்சி சபைகளின் காலமும் முடிந்தது, அந்தத் தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டது. ஊவா மாகாண சபையில் அமைச்சராக இருந்த செந்தில் தொண்டமான் 2023 மே மாதம் கிழக்கு மாகாண ஆளுநரானார். நியமனத்தால் ஒரு மாகாணத்தின் உச்சிக்குப் போகலாம், வாக்கால் அதன் அடிப்படிக்கும் போக முடியாது என்பதே 2023ஆம் ஆண்டின் நிலை.

சங்கத்தின் பக்கமும் பாருங்கள். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா என்று சங்கங்கள் கம்பனிகளோடு கூட்டு ஒப்பந்தம் போட்டன. 2021 மார்ச்சில் 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவுமாக 1,000 ரூபாவைச் சம்பளச் சபை மூலம் வர்த்தமானியில் போட்டார்கள். கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து விலகின. ஒப்பந்தத்தோடு ஒட்டியிருந்த சந்தாப் பிடித்தமும் தோட்டங்களில் நின்றது. சம்பளத்தில் இருந்து தானாக வந்துகொண்டிருந்த பணம் நின்றதும், காம்பரா காம்பராவாகப் போய்க் கேட்டு வாங்க வேண்டிய நிலை சங்கங்களுக்கு வந்தது.

இதைப் பலர் சங்கத்தின் மரணம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டு வாங்கும் சந்தா, பதில் சொல்ல வேண்டிய சந்தா. "கழிவு ஏன் கூடியிருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுக் காசு வாங்கிக்கொள்" என்று ஒரு பெண் வாசலில் நின்று கேட்கக்கூடிய நிலை இப்போதுதான் வந்திருக்கிறது.

8 ஒக்டோபர் 2023

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. அவருடைய தங்கை தோட்டக் கமிட்டியில் செயலாளராக வந்திருப்பதாகவும், தேர்தல் அறிவித்தால் மாகாண சபைக்குக் கேட்கச் சொல்லி ஒரு சங்கம் அழைப்பதாகவும், போகலாமா என்றும் கேட்கிறார்.

போகட்டும் தம்பி. அழைப்பவர்களிடம் அவர் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்கட்டும். அவர் போன பிறகு தோட்டக் கமிட்டிக்கு எத்தனை நாட்களுக்குள் தெரிவு நடக்கும் என்பது முதலாவது. பட்டியலில் அவருக்கு எந்தத் தோட்டங்களை விட்டுக் கொடுப்பார்கள் என்பது இரண்டாவது, ஏனென்றால் பெண்களுக்கான ஒதுக்கீட்டை நிரப்ப மட்டும் பெயரைச் சேர்த்துவிட்டு ஆண் வேட்பாளர்களுக்கே வேலை செய்வது உள்ளூராட்சித் தேர்தலில் நடந்ததை நான் அறிவேன். மேடையில் சம்பளத்தைப் பற்றி என்ன சொல்லச் சொல்வார்கள் என்பது மூன்றாவது. சபையால் முடியாததை வாக்குறுதியாகச் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடட்டும். பாடசாலை, வைத்தியசாலை, பாதை என்று சொன்னால் வாக்குக் குறையும் என்பார்கள். கொஞ்சம் குறையலாம்.

சிங்களம் வாசிக்கப் பழகச் சொல்லுங்கள். மதிப்பீட்டு அறிக்கை வாசிக்க நான் கற்றுக்கொடுக்கிறேன், கட்டணம் எதுவும் வேண்டாம்.

9 ஒக்டோபர் 2023

சேர்க்க மறந்த ஒன்று. கமிட்டிச் செயலாளராக அவர் எழுதும் கொப்பிகளைக் காரியாலயத்துக்குக் கொடுத்துவிட வேண்டாம். பிரதி எடுத்துக் கொடுக்கட்டும், மூலம் தோட்டத்திலேயே இருக்கட்டும், அடுத்து வருபவருக்கு அது வேண்டும்.